பனியை அறிந்தவர்களைக் கேளுங்கள்!

அலாஸ்காவின் வட கோடியில், கடலோரமாக ஓர் ஊர் இருக்கிறது. அதன் பெயர் பாரோ. 2016-ம் ஆண்டில் ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு, உட்கியாக்விக் என்ற பழைய பெயரையே திரும்பச் சூட்டிக் கொண்டார்கள்.

அங்கே பயிர் விளையாது. மரமும் கிடையாது. ஆண்டில் பல மாதம் கடல் உறைந்து கிடக்கும். அந்த மக்களுக்குச் சோறு போடுவது கடல்தான்.

வசந்த காலம் வந்ததும் கடல் பனியில் நீளமாக வெடிப்பு விடும். அப்போது திமிங்கிலங்கள் கூட்டம் கூட்டமாக அந்தப் பக்கம் போகும். தோல் படகில் சென்று திமிங்கிலம் பிடிப்பது அவர்களுக்குப் பாட்டன், பூட்டன் காலத்துத் தொழில். ஒரு திமிங்கிலம் கிடைத்தால் ஊர் முழுவதற்கும் பங்கு உண்டு. வேட்டைக்குப் போனவன் வீட்டுக்கும் போகும். நடக்க முடியாத கிழவி வீட்டுக்கும் போகும். மிச்சத்தை, உறைந்த மண்ணைத் தோண்டி அமைத்த அறையில் சேமித்து வைப்பார்கள்.

1977-ம் ஆண்டு ஜூன் மாதம் இந்த ஊர் தலையில் இடி விழுந்தது.

அந்த வகைத் திமிங்கிலத்தை இனி யாரும் வேட்டையாடக் கூடாது என்று சர்வதேச திமிங்கில கமிஷன் தடை போட்டு விட்டது.

எண்ணிக்கை என்ன?

தடைக்குக் காரணம் ஒரு கணக்கு. அந்தத் திமிங்கிலங்கள் அதிகம் போனால் 2000 தான் மிஞ்சியிருக்கும் என்று விஞ்ஞானிகள் கணித்தார்கள். அதற்கும் குறைவாகவே இருக்கலாம் என்று பலர் பயந்தார்கள்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 1848-ம் ஆண்டு முதல் வெள்ளைக்காரர்களின் வேட்டைக் கப்பல்கள் அந்தக் கடலுக்குள் புகுந்தன. விளக்கெரிக்கத் திமிங்கில எண்ணெய் வேண்டும். சீமாட்டிகளின் இடுப்புக் கச்சைக்குத் திமிங்கிலத்தின் வாய்த் தகடு வேண்டும். அதற்காக ஆயிரக்கணக்கில் கொன்று குவித்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வியாபாரம் படுத்தது. கப்பல்கள் போய் விட்டன. குறைந்து போன திமிங்கிலங்களும், அவற்றை நம்பி வாழும் மக்களும் மிஞ்சினார்கள்.

கொள்ளையடித்தவன் ஒருவன். தண்டனை இன்னொருவனுக்கு.

ஊர் மக்கள் தடையை எதிர்த்தார்கள். அழுது புலம்பியதோடு நிற்கவில்லை. கணக்கே தவறு என்று சொன்னார்கள்.

வேடர்கள் சொன்னது

விஞ்ஞானிகள் எப்படி எண்ணினார்கள்? பனியின் ஓரத்தில் உட்கார்ந்து கொண்டார்கள். வெடிப்பில் தெரிந்த தண்ணீரைப் பார்த்துக் கொண்டே இருந்தார்கள். திமிங்கிலம் தலை தூக்கியதும் ஒன்று, இரண்டு என்று குறித்தார்கள். வெடிப்பு மூடிக் கொண்டால் எண்ணுவதை நிறுத்தினார்கள். தண்ணீர் இல்லாதபோது திமிங்கிலம் எப்படிப் போகும் என்பது அவர்கள் எண்ணம்.

வேடர்கள் வேறு விதமாகச் சொன்னார்கள். திமிங்கிலம் பனியைக் கண்டு பயப்படாது; பனிக்கு அடியிலேயே நீந்திப் போகும்; மூச்சு விட வேண்டுமானால் தலையால் முட்டிப் பனியை உடைத்துக் கொள்ளும்; கரையிலிருந்து பல மைல் தள்ளியும் போகும்; ஆகவே கண்ணில் படுவது கொஞ்சம், படாதது அதிகம் என்றார்கள். ஹாரி பிரவர் என்ற முதிய வேட்டைத் தலைவர் இதைப் பொறுமையாக விஞ்ஞானிகளுக்கு எடுத்துச் சொன்னார்.

இதை எப்படி நம்புவது? வேட்டை வேண்டும் என்பவர்கள் திமிங்கிலம் நிறைய இருக்கிறது என்று சொல்லத்தானே செய்வார்கள்? இப்படிச் சந்தேகப்படுவது இயற்கை. சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது என்ன? சோதித்துப் பார்க்க வேண்டும்.

சோதித்துப் பார்த்தார்கள். அதுதான் இந்தக் கதையின் சிறப்பு.

தண்ணீருக்குள் மைக்

1977-ம் ஆண்டிலேயே வேட்டைத் தலைவர்கள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு கமிஷனை அமைத்துக் கொண்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் முழுத் தடை தளர்ந்தது. மறு ஆண்டில் 12 திமிங்கிலங்களைக் கரை சேர்க்கலாம் அல்லது 18 திமிங்கிலங்கள் மீது ஈட்டி வீசலாம் என்று அளவு வைத்தார்கள். அது எல்லா ஊர்களுக்கும் சேர்த்து. போதாதுதான். ஆனாலும் பேச்சுக்கு வழி பிறந்தது.

அந்த வட்டாரத்தின் உள்ளூர் ஆட்சி, தானே விஞ்ஞானிகளை வேலைக்கு வைத்தது. வேடர்கள் சொன்னதை அவர்கள் சோதனைக்கு எடுத்துக் கொண்டார்கள். பனிக்கு அடியில், தண்ணீருக்குள் மைக்குகளைத் தொங்க விட்டார்கள். விமானத்தில் பறந்தும் எண்ணினார்கள்.

கேட்டது என்ன? வெடிப்பு மூடிக் கிடந்த நாட்களிலும் திமிங்கிலங்களின் குரல் கேட்டது! கண்ணுக்கு எட்டாத தூரத்திலும் கேட்டது! பனிக்கு அடியில் அவை போய்க் கொண்டே இருந்தன.

புதிய முறையில் கணக்கு எடுத்தார்கள். 1993-ம் ஆண்டில் சுமார் 8000 என்று தெரிந்தது. 2001-ல் 10000-க்கு மேல். 2011-ல் சுமார் 17000. வேட்டை அளவோடு நடந்ததால் திமிங்கிலங்கள் பெருகியும் வந்தன. ஆனால் முதல் கணக்கு மிகக் குறைவு என்பதும் தெளிவாகி விட்டது.

வேடர்கள் சொன்னது சரி. மைக் இல்லாமல் அதை உலகத்துக்கு நிரூபித்திருக்க முடியாது என்பதும் சரி. அறிந்தவனும் படித்தவனும் ஒன்று சேர்ந்தார்கள்; உண்மை வெளி வந்தது.

மூக்கும் வயதும்

இன்னும் கேளுங்கள். பனியில் கூடாரம் போட்டிருக்கும்போது புகை நாற்றம் வராமல் வேடர்கள் பார்த்துக் கொள்வார்கள். திமிங்கிலத்துக்கு மோப்பம் உண்டு, நாற்றம் பட்டால் ஓடிவிடும் என்பது அவர்கள் அனுபவம். திமிங்கிலத்துக்கு ஏது மோப்பம் என்று புத்தகங்கள் சொல்லி வந்தன. கடைசியில் அந்தத் திமிங்கிலத்தின் மூளையையே எடுத்துச் சோதித்தார்கள். வாசனை அறியும் பகுதி அதில் இருந்தது. 2011-ல் அந்த ஆராய்ச்சி வெளி வந்தது.

வயது விஷயமும் அப்படியே. வேட்டையில் கிடைத்த சில திமிங்கிலங்களின் உடலுக்குள் பழைய கல் ஈட்டி முனைகள் இருந்தன. கல் ஈட்டியை வீசுவது எப்போதோ நின்று போன வழக்கம். அப்படியானால் அந்தத் திமிங்கிலத்தின் வயது என்ன? விஞ்ஞானிகள் கண் வில்லையைச் சோதித்தார்கள். சில திமிங்கிலங்கள் 100 வயதைத் தாண்டியவை. ஒன்று 200 வயதையும் தாண்டியது என்று 1999-ல் கணித்துச் சொன்னார்கள்.

யார் இவர்கள்?

இவர்கள் இனுயிட் மக்கள். அந்தச் சொல்லுக்கு ‘மனிதர்கள்’ என்றே பொருள். வெளியார் வைத்த பெயர் ‘எஸ்கிமோ’. அந்தப் பெயரை இவர்களில் பலர் விரும்புவதில்லை. அலாஸ்கா, கனடா, கிரீன்லாந்து, ரஷியாவின் ஒரு மூலை ஆகிய இடங்களில் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் பேர் வாழ்கிறார்கள்.

ஒரு பெரிய நகரத்தின் ஒரு பகுதிக்குக் கூட இந்தத் தொகை காணாது. ஆனால் இவர்கள் வாழும் பூமி மிகப் பெரியது. அந்தப் பூமியைப் பற்றி இவர்களுக்குத் தெரிந்ததும் பெரியது. காற்று உறைய வைத்த பனி வரப்புகளைப் பார்த்து, மூடு பனியிலும் திசை கண்டு பிடிப்பார்கள். ஈட்டிக் கம்பால் பனியைக் குத்திப் பார்த்து, ஆளைத் தாங்குமா, தாங்காதா என்று சொல்லி விடுவார்கள். இதில் தவறினால் பரீட்சையில் தோல்வி அல்ல. உயிர் போய் விடும். தவறான பாடம் பனியில் நெடுநாள் நிற்காது.

இரண்டு கப்பல்கள்

இவர்கள் பேச்சை ஒதுக்கியது 1977-ல் புதிதாக வந்த வழக்கம் அல்ல.

1845-ம் ஆண்டில் ஜான் பிராங்க்ளின் என்ற ஆங்கிலேய தளபதி, எரபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்களுடன் வட கடலுக்குப் போனார். திரும்பவில்லை. 129 பேரும் மடிந்தார்கள்.

1854-ல் ஜான் ரே என்ற டாக்டர் அந்தப் பக்கம் போனார். பட்டினியால் வெள்ளைக்காரர்கள் சாகக் கிடந்ததையும், கடைசியில் செத்தவர் உடலையே தின்றதையும் இனுயிட் மக்கள் அவரிடம் சொன்னார்கள். அவர் அதை லண்டனுக்குத் தெரிவித்தார். லண்டன் கொதித்தது. சார்லஸ் டிக்கன்ஸ் போன்ற பெரிய எழுத்தாளரே இனுயிட் மக்களின் பேச்சை நம்பக் கூடாது என்று பத்திரிகையில் எழுதினார்.

பிற்காலத்தில் எலும்புகளைச் சோதித்தபோது அவற்றில் கத்திக் கீறல்கள் இருந்தன. இனுயிட் மக்கள் சொன்னது உண்மை.

ஒரு கப்பல் எங்கே மூழ்கியது என்றும் அவர்கள் சொல்லியிருந்தார்கள். தாத்தா பேரனுக்குச் சொன்னார். பேரன் தன் பேரனுக்குச் சொன்னான். 2014-ல் கனடா சர்க்கார் நடத்திய தேடலில் எரபஸ் அகப்பட்டது. எங்கே? பெரியவர்கள் சொல்லி வந்த அதே வட்டாரத்தில். சுமார் 36 அடி ஆழத்தில்தான் கிடந்தது. இரண்டு ஆண்டு கழித்து டெரர் கப்பலும் கிடைத்தது. கடல் பனிக்கு மேலே ஒரு மரக் கம்பம் நீட்டிக் கொண்டிருந்ததைத் தான் பார்த்ததாக ஓர் இனுயிட் வேடர் துப்புச் சொன்னார். அவர் காட்டிய திக்கில் போனார்கள். கப்பல் அங்கே இருந்தது.

கேட்காமல் செய்த குடியேற்றம்

கப்பல் விஷயத்தில் போனது காலம். 1953-ம் ஆண்டில் போனது குடும்பங்களின் வாழ்வு.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இனுக்ஜுவாக் என்ற ஊர் இருக்கிறது. அங்கே வாழ்ந்த குடும்பங்களை, சர்க்கார் கப்பலில் ஏற்றி, 1200 மைலுக்கு அப்பால், வட கோடித் தீவுகளில் இறக்கி விட்டது. வேட்டை நிறைய கிடைக்கும், பிடிக்காவிட்டால் இரண்டு ஆண்டில் திரும்பி விடலாம் என்று சொல்லி அழைத்துப் போனார்கள்.

அந்த மக்கள் தங்கள் ஊரில் கெட்டிக்கார வேடர்கள். ஆனால் புதிய இடத்தில் குளிர்காலம் முழுவதும் சூரியனே உதிப்பதில்லை. மிருகங்கள் வேறு. பனி வேறு. வழி வேறு. திரும்பி அனுப்புவதாகச் சொன்ன வாக்கும் காற்றோடு போயிற்று. பட்ட துன்பம் கொஞ்சம் அல்ல. 2010-ம் ஆண்டில்தான் கனடா சர்க்கார் மன்னிப்புக் கேட்டது. அதற்குள் 57 ஆண்டுகள் ஓடி விட்டன. துன்பப்பட்டவர்களில் பலர் அதைக் கேட்க உயிரோடு இல்லை.

புறப்படும் முன் அந்த மக்களோடு உட்கார்ந்து, உண்மையைச் சொல்லி, அங்கே உங்களால் வாழ முடியுமா என்று கேட்டிருந்தால், இந்தப் பழி வந்திருக்காது.

எதிர்க் கேள்வி

இதற்கு மறு பக்கமும் உண்டு. அதையும் பார்க்க வேண்டும்.

கிழவர்கள் சொல்வதெல்லாம் வேதமா? இல்லை. ஒரு வேடருக்குத் தன் கடல் தெரியும். அடுத்த கடல் தெரியாமல் இருக்கலாம். ஞாபகம் பிசகலாம். ஆசை கணக்கைப் பெருக்கலாம். ஆனால் இந்தக் குறைகள் விஞ்ஞானிக்கும் உண்டு. பாரோவில் தவறியது விஞ்ஞானியின் கணக்குத்தான். ஆகவே யார் சொன்னார் என்று பார்க்காமல், இருவர் சொல்லையும் பரிசோதிப்பதே நியாயம்.

இன்னொரு கேள்வி. வட துருவம் மாறி வருகிறதே, பழைய அறிவு இனி பயன்படுமா? நல்ல கேள்வி. 1979-ம் ஆண்டுக்குப் பிறகு வட துருவப் பகுதி, உலகத்தின் சராசரியைப் போல சுமார் நான்கு மடங்கு வேகத்தில் வெப்பம் ஏறியிருக்கிறது என்று 2022-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. பனி தாமதமாக உறைகிறது, சீக்கிரம் உருகுகிறது. தாத்தா நடந்த பாதையில் பேரன் நடந்தால் பனி உடைந்து விழலாம். இறைச்சி வைக்கும் மண் அறைகளிலும் தண்ணீர் ஊறுகிறது.

அதற்காக அனுபவத்தைத் தூக்கி எறிவதா? கனடாவின் நைன் என்ற ஊரைப் பாருங்கள். 2009-10 குளிர்காலத்தில் அங்கே என்றும் இல்லாத வெப்பம். பனியில் போனவர்களுக்கு ஆபத்து நேர்ந்தது. அந்த வட்டார இனுயிட் ஆட்சியும் ஒரு பல்கலைக்கழகமும் கூடி ‘ஸ்மார்ட் ஐஸ்’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கின. பனியின் கனத்தை அளக்கும் கருவியைச் சறுக்கு வண்டியில் கட்டி இழுத்துப் போகிறார்கள். எங்கே அளக்க வேண்டும் என்று சொல்பவர்கள் ஊர்ப் பெரியவர்கள். அளப்பவர்கள் ஊர் இளைஞர்கள். எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று படம் தயாராகிறது. வேடன் வீடு திரும்புகிறான். அனுபவமும் கருவியும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதற்கு இதை விட நல்ல சாட்சி வேண்டுமா?

நாற்காலி மட்டும் போதாது

இப்போது நிலைமை முன்னேறியிருக்கிறது. இதை மறைக்கக் கூடாது.

1977-ல், தடை வந்த அதே ஜூன் மாதம், அந்த வட்டாரத்து மேயர் ஏபென் ஹாப்சன் கூட்டிய மகாநாட்டில் பல நாட்டு இனுயிட் மக்கள் கூடினார்கள். ஒரு பொது சபைக்கு அங்கே வித்திட்டார்கள். 1996-ல் எட்டு நாடுகள் சேர்ந்து ஆர்க்டிக் கவுன்சில் அமைத்தபோது இனுயிட் சபைக்கும் நிரந்தர இடம் கிடைத்தது. 1999-ல் கனடாவில் நுனாவுட் என்ற தனிப் பிரதேசம் பிறந்தது. முன்னோர் அறிவைப் பின்பற்றி ஆட்சி நடத்துவது அதன் கொள்கை. நடு ஆர்க்டிக் கடலில் 16 ஆண்டுகளுக்கு வியாபார மீன்பிடிப்பு கூடாது என்ற ஒப்பந்தம் 2021-ல் அமலுக்கு வந்தது. அங்கே நடக்கும் ஆராய்ச்சியில் பழங்குடி மக்களின் அறிவும் சேர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது.

ஆனால் ஆர்க்டிக் கவுன்சிலில் கடைசி முடிவு எட்டு நாடுகள் கையில். இனுயிட் சபை பேசலாம், ஓட்டு கிடையாது. பல ஆராய்ச்சிகளிலும் இதே கதைதான். கோடையில் விஞ்ஞானி வருகிறார். வேடரை வழிகாட்டியாக அழைத்துப் போகிறார். கேட்பதைக் கேட்டு எழுதிக் கொள்கிறார். ஊருக்குப் போய்ப் புத்தகம் போடுகிறார். வேடருக்குக் கிடைப்பது சில நாள் கூலி. எழுதிய விஷயம் அவர் ஊருக்குத் திரும்பி வருவதே இல்லை.

இது அறிவைக் கலப்பது ஆகாது.

2018-ல் கனடா இனுயிட் மக்களின் தேசிய அமைப்பு, ஆராய்ச்சிக்கு ஒரு திட்டம் வெளியிட்டது. தங்கள் பூமியில் எதை ஆராய்வது என்று முடிவு செய்வதில் தங்களுக்குப் பங்கு வேண்டும். ஆராய்ச்சிப் பணம் தங்கள் தேவைக்கும் செலவாக வேண்டும். திரட்டிய விவரம் தங்கள் கையிலும் இருக்க வேண்டும். தங்கள் பிள்ளைகளும் ஆராய்ச்சியாளர் ஆக வேண்டும் என்று கேட்டது.

இதில் எது அதிகப்படி? வீட்டில் கிணறு வெட்டினால் வீட்டுக்காரனைக் கேட்காமல் வெட்டுவது உண்டா?

இந்தியாவுக்கும் பங்கு உண்டு

இது தூர தேசத்துச் சங்கதி என்று ஒதுக்கவும் முடியாது. 2008-ல் நார்வே நாட்டின் வட தீவில் ‘ஹிமாத்ரி’ என்ற ஆராய்ச்சி நிலையத்தை இந்தியா திறந்தது. 2013 முதல் ஆர்க்டிக் கவுன்சிலில் இந்தியா பார்வையாளராக இருக்கிறது. அந்தப் பார்வையாளர் பதவிக்கு ஒரு நிபந்தனை உண்டு. வட துருவப் பழங்குடி மக்களின் நலனையும் பண்பாட்டையும் மதிக்க வேண்டும் என்பதே அது. அந்தப் பனியில் கருவி இறக்கும் எந்த நாடும், இந்தியா உட்பட, முதலில் ஊர்ப் பெரியவர் வாசலுக்குப் போக வேண்டும். ஆராய்ச்சி முடிந்த பிறகு கைகுலுக்கப் போவதில் பயன் இல்லை. கேள்வியைத் தயாரிக்கும் போதே போக வேண்டும்.

பாரோவில் தண்ணீருக்குள் மைக் இறங்காமலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தவறான கணக்கே சட்டமாக நிலைத்திருக்கும். ஊர்ப் பிள்ளைகள் வேட்டையை மறந்திருப்பார்கள். பனிக்கு அடியில் திமிங்கிலங்கள் போய்க் கொண்டே இருந்திருக்கும். எண்ணத்தான் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

ஜூன் மாதம் வந்தால் அந்த ஊரில் இன்றும் திமிங்கில விழா நடக்கிறது. நல்ல வேட்டை கிடைத்த ஆண்டில் ஊரே கூடி உண்கிறது. தோல் விரிப்பைப் பலர் பிடித்து, ஒருவரை நடுவில் நிறுத்தி, ஆகாயத்தில் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார்கள். குழந்தைகள் கை கொட்டுகின்றன.

அந்தக் குழந்தைகளின் தாத்தாக்கள் சொன்னதைச் சிலர் காது கொடுத்துக் கேட்டார்கள். அதனால்தான் இந்த விழா இருக்கிறது.